சும்மா சுற்றும் கலியாணங்கள்

தில்லையடியில் கலியாண வீடியோ எடுக்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எடுத்ததை அழிக்காதவர் மக்பூல் ஒருவர்தான். மற்றவர்கள் மாப்பிள்ளையின் கையில் ஒரு பென் டிரைவைத் திணித்துவிட்டு, அடுத்த மாதத்துக் கலியாணங்களுக்கு இடம் வேண்டுமென்று பழையவற்றைத் துடைத்துப்போடுவார்கள். மக்பூல் துடைத்ததே கிடையாது. கடையின் பெயர்ப் பலகையில் ‘மக்பூல் விஷன்’ என்பதற்குக் கீழே, ‘உங்கள் திருமணம் எங்களிடம் என்றென்றும் பத்திரம்’ என்று சிவப்பில் எழுதிவைத்திருந்தார். பேசி முடிக்க வருகிற பெண்வீட்டாரை முதலில் வெளியே கூட்டிப்போய் அந்த வரியை வாசிக்கவைப்பார். பிறகுதான் உள்ளே கதிரை போட்டு விலை சொல்வார்.

என்றென்றும் என்பது ஆரம்பத்தில் ஓர் அலுமாரிக்குள் அடங்கியது. உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்குகள், மாப்பிள்ளை பெண்ணின் பெயர்கள் ஒட்டப்பட்டு, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை படுத்துக் கிடந்தன. அவை கரண்ட் கேட்கவில்லை, காற்றும் கேட்கவில்லை. மனைவி அஸ்ரியா கரப்பான் வராமலிருக்கப் பூச்சி உருண்டை போட்டுவைத்தாள், அவ்வளவுதான் செலவு. அந்த அலுமாரியில் பாதி அவளுடைய கைவேலை. இந்தப் பக்கத்துக் கலியாணங்களில் பெண்கள் இருக்கிற இடத்துக்குள் ஆண் கமராக்காரன் போக முடியாது. ஆண்கள் பந்தலை மக்பூல் எடுப்பார், பெண்கள் பக்கத்தை அஸ்ரியா எடுப்பாள். அவளுடைய கை நடுங்காது. எந்தப் பெண்ணை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் மெலிவாகத் தெரிவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை பெண்கள் இதை அறிந்துவைத்திருந்தார்கள். கடைக்கு வாடிக்கை வந்தது உண்மையில் அதனால்தான். மக்பூலோ சிவப்பு எழுத்தினால் வருகிறது என்று நம்பியிருந்தார்.

பிறகு கமராக்கள் வளர்ந்தன. முன்பு ஒரு முழுக் கலியாணம் பிடித்த இடம், இப்போது மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கிச் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் நிரம்பியது. ட்ரோன் ஒன்று மேலே பறந்து பந்தலையும் தென்னந்தோட்டத்தையும் ரோட்டில் நின்ற கழுதைகளையும் சேர்த்து எடுத்தது. கழுதைகளும் என்றென்றும் பத்திரமாயின.

அலுமாரி நிரம்பியதைக்கூட மக்பூல் பொறுத்துக்கொண்டிருப்பார். ஹாசிமின் வாய்தான் அவரைக் கெடுத்தது. ஹாசிம் புத்தளம் டவுனில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், தொழிலில் எதிராளி, ஆனாலும் மக்பூலை அண்ணன் முறையில் நானா என்பவர். கற்பிட்டியில் ஒரு வலீமா விருந்தில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மக்பூல் நானாவின் என்றென்றும் பூச்சி உருண்டை மணக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மக்பூலும் சிரித்தார். ஆனால் கடைசியில் வந்த இனிப்பு வட்டிலப்பத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர் மதுரங்குளிக்குப் போய் அர்கமைக் கண்டார். கொழும்பில் பெரிய கம்பனிகள் கழித்துவிடுகிற கம்ப்யூட்டர்களை லொறியில் ஏற்றிவந்து விற்பது அர்கமின் வியாபாரம். பொய் சொல்கிறவன் என்று அவனை யாரும் குறைசொல்ல முடியாது. எந்தச் சாமானைப் பற்றியும் விற்கிற அன்று பாதி உண்மையைச் சொல்வான், மீதிப் பாதியை அடுத்த முறை வரும்போது சொல்வான்.

அவன் காட்டியது ஓர் இரும்புப் பெட்டி. முப்பத்தாறு பெரிய டிஸ்குகள் பிடிக்கும். ஒன்றொன்றும் அலுமாரியின் ஒரு தட்டையே விழுங்கக்கூடியது. கலியாணங்களை எல்லாம் இதற்குள் ஊற்றிவிட்டால், இரவு பகல் சுற்றிக்கொண்டே தயாராக நிற்கும், யார் எப்போது கேட்டாலும் அந்தக் கணமே எடுத்துத் தரலாம் என்றான். கரண்டைப் பற்றி மக்பூல் கேட்காமல் இல்லை.

"ஒரு டிஸ்க் குடிக்கிறது சின்ன பல்ப் ஒண்டு குடிக்கிற அளவுதான் நானா," என்றான் அர்கம்.

அது உண்மைதான். அந்தச் சின்ன பல்பை முப்பத்தாறால் பெருக்கிப் பார்க்க வேண்டியது மக்பூலின் வேலை. அவர் அந்த நேரத்தில் ஹாசிமின் முகத்தை மனதில் பார்த்துக்கொண்டிருந்தார். சூடாகாதா என்றும் கேட்டார். பலூனுக்கு அடிக்கிற வாயுவை உள்ளே அடைத்துத்தான் இந்தப் பெரிய டிஸ்குகளைச் செய்கிறார்கள், அதனால் சூடு குறைவு என்றான் அர்கம். அதுவும் உண்மைதான். மக்பூல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். பலூன் வாயு உள்ள சாமான் செங்கல்லைப்போலக் கனத்தது. அதை அவர் தரத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

கடைக்கு மேல்மாடியில், அஸ்பெஸ்டஸ் கூரைக்கு நேர் கீழே உள்ள அறையில் பெட்டியை வைத்தார்கள். துஆ ஓதி, வந்தவர்களுக்குப் பட்டீஸும் பிளேன்டியும் கொடுத்தார்கள். ஹாசிமுக்கும் அழைப்புப் போயிருந்தது. அவரும் வந்து பச்சை விளக்குகளைப் பார்த்துவிட்டு மாஷா அல்லாஹ் என்று சொல்லிப் போனார். விருந்தினர் எல்லாரும் போன பிறகும் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அஸ்ரியா சிறிது நேரம் காதில் விரலை வைத்தபடி நின்றாள்.

"இது எப்ப நிக்கும்?"

"நிக்காது ராத்தா," என்றான் அர்கம். "நிண்டாத்தான் பயப்படணும்."

புத்தளத்து வெயிலைப் பற்றி அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெளியே உப்பளத்தை வறுக்கிற அதே வெயில் கூரையில் இறங்கியது, உள்ளே முப்பத்தாறு டிஸ்குகள் தங்கள் பங்கைச் சேர்த்தன. முதல் வாரத்திலேயே அந்த அறை பாண் சுடுகிற போறணைபோல் ஆனது. கதவின் இரும்புப் பூட்டைச் சீலைத் துண்டால் பிடித்துத்தான் திறக்க முடிந்தது. மக்பூல் அர்கமுக்கு ஃபோன் எடுத்தார். அவன் வந்து, டிஸ்க் சும்மா இருந்தாலும் சுற்றும், சுற்றினால் சூடு விடும், அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் டிஸ்கின் ஆயுள் குறையும் என்று மீதிப் பாதியைச் சொன்னான். பெட்டிக்குள் இன்னும் வேகமான ஃபேன்கள் பூட்டினான். சத்தம் இரண்டு மடங்காகியது. ஃபேன்களும் கரண்ட் குடித்தன. கடைசியில் அவன் ஏ.சி. ஒன்று போடச் சொன்னான்.

வீட்டில் ஒரேயொரு ஏ.சி. இருந்தது. கடைக்குப் பின்புறம் உள்ள வீட்டில், அவர்கள் படுக்கிற அறையில். அதைக் கழற்றி மேலே பூட்டினார்கள். அந்தச் சித்திரை மாதம் மக்பூலும் அஸ்ரியாவும் மகள் றிப்தியும் ஈரத் துவாயை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். மேலே கலியாணங்கள் குளிராக இருந்தன.

டிஸ்குகளின் சூட்டை மக்பூலின் ஃபோனுக்கு அனுப்புகிற ஏற்பாடு ஒன்றையும் அர்கம் செய்துகொடுத்தான். அதிலிருந்து மக்பூலுக்கு நிம்மதி இல்லை. பள்ளிவாசலில் குத்பா நடக்கும்போது ஃபோன் சட்டைப் பைக்குள் துடிக்கும். பன்னிரண்டாவது டிஸ்க் நாற்பத்தெட்டு டிகிரி. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு ஓடிவருவார். ஒருநாள் அவர் கடையில் ஆள் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அஸ்ரியா நூற்றிரண்டு என்று சொன்னது கேட்டது. மக்பூல் வந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் படிகளில் ஏறினார்.

"எந்த டிஸ்க்?" என்று மேலே நின்று கேட்டார்.

"உங்கட மகள்," என்றாள் அஸ்ரியா. "காய்ச்சல்."

கரண்ட் போகிற நாட்களில் அதைவிடப் பெரிய சங்கடம். திடீரென்று நின்றால் டிஸ்குகளுக்குக் கெடுதி என்று அர்கம் பற்றரி வைத்த ஒரு பெட்டி விற்றிருந்தான். அது பத்து நிமிஷம் தாங்கும், தானும் சூடாகும். கரண்ட் திரும்பி வரும்போது முப்பத்தாறு டிஸ்குகளும் ஒரே மூச்சில் சுற்றத் தொடங்க, வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி விழும். ஆகவே கரண்ட் வந்ததும் முதலில் குளிர்ப்பெட்டி, ஃபேன், தண்ணீர் மோட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கலியாணங்களைச் சுற்றவைத்து, அவை சீரான பிறகுதான் மற்றவற்றைப் போட வேண்டும் என்று மக்பூல் சட்டம் போட்டார். அந்தச் சட்டத்தினால் ஒருமுறை கொடுவா மீன் ஒன்று நாறிப்போனது.

நுரைச்சோலையில் நாட்டுக்கே கரண்ட் செய்கிறார்கள், கடலோரத்தில் காற்றாடிகள் வேறு சுற்றுகின்றன, இவ்வளவு பக்கத்தில் இருக்கிற எங்களுக்குப் பில்லில் ஏதாவது குறைக்கக் கூடாதா என்று மக்பூல் மீற்றர் பார்க்க வந்தவரிடம் கேட்டார். வந்தவர் சிங்களவர், நன்றாகத் தமிழ் கதைக்கிறவர். மீற்றரின் வேகத்தைப் பார்த்துவிட்டு, மேலே ஐஸ் ஃபெக்டரி ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார். கலியாணம் வைத்திருக்கிறேன் என்றார் மக்பூல். அந்த மனிதர் எழுதிக்கொடுத்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் போனார்.

அஸ்ரியா இவற்றையெல்லாம் சகித்தாள். ஏ.சி. மேலே போய்விட்டதால், பகலில் அவளும் மேலேயே போய், பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையைச் செய்தாள். றிப்தியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேயே பாடம் படித்தாள். இரைச்சல் ஒரு மாதிரிப் பழகிவிட்டது. கத்திக் கத்திக் கதைத்து, கீழே வந்த பிறகும் இருவரும் கத்தியே கதைத்தார்கள். அதுவும் பழகிவிட்டது.

அப்போதுதான் ஒரு டிஸ்க் செத்தது. பெட்டி ஓயாமல் கூவியது. அர்கம் புதிய ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். ஒன்று செத்தாலும் மற்றவற்றில் இருந்து திரட்டிப் புதியதை நிரப்பிக்கொள்ளும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். நிரப்பி முடிகிற வரை மற்ற எல்லா டிஸ்குகளும் மூச்சுவாங்க ஓடும், இன்னும் சூடாகும், அந்தச் சூட்டில் இன்னும் இரண்டு செத்தால் எல்லாக் கலியாணங்களும் போய்விடும் என்பதை இப்போது சொன்னான். இரண்டு மூன்று நாளைக்கு அறைக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது என்றும், ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே பத்துப் பன்னிரண்டு டிஸ்க் அளவு சூடு விடுவான் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

மக்பூலுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. பகல் சாப்பாட்டில் மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றியபடியே மனைவிக்கும் மகளுக்கும் அதை விளக்கினார்.

அஸ்ரியா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நானும் மகளும் இருபத்தினாலு டிஸ்க்," என்றாள்.

அந்த இடத்தில் மக்பூல் சும்மா இருந்திருக்கலாம். கணக்கில் பிழை விடுவது அவருக்குப் பிடிக்காது.

"றிப்தி சின்னவள்தானே. இருபது எண்டு வைப்பம்."

அஸ்ரியா சண்டை பிடிக்கவில்லை. கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள். ஒரு பையில் உடுப்புகளையும் இன்னொரு பையில் தன்னுடைய கமராவையும் எடுத்துவைத்தாள். கனமூலையில் அவளுடைய ராத்தா ஃபர்ஸானா, அதாவது மூத்த சகோதரி, இருந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்படும்போது மட்டும் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க போனா அறை குளிரும்," என்றாள்.

குளிரத்தான் செய்தது. அன்று பின்னேரம் ஃபோனில் இரண்டு டிகிரி குறைவாகக் காட்டியது. மக்பூல் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்பதை மறைப்பதற்கில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டபோதுதான் வீட்டில் யாரும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

அந்த வாரம் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கலியாணம் ஏற்றிருந்தார். மக்பூல் கனமூலைக்கு ஃபோன் எடுத்தார். அஸ்ரியா ஃபோனை எடுத்ததும் எத்தனை டிகிரி என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்று இவரும் சொன்னார். அப்படியானால் நல்லது, நாங்கள் வந்து சூடாக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். பெண்கள் பக்கம் எடுக்க ஆள் இல்லாமல், மக்பூல் எங்கெங்கோ கேட்டுப் பார்த்து, கடைசியில் ஹாசிமிடமே போய் நின்றார். ஹாசிம் மிக மரியாதையாக நடந்துகொண்டார். தன் மனைவியின் தங்கையை அனுப்பினார். அனுப்பும்போது, எடுத்ததை மக்பூல் நானாவின் பெட்டியில்தான் போட வேண்டும், அங்கேதான் குளிர் என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் எடுத்த வீடியோவில் மணப்பெண்ணைவிடச் சோற்றுச் சட்டிகளே அதிகம் இருந்தன. பெண்ணின் உம்மா பார்த்துவிட்டு, அஸ்ரியா ராத்தாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டுச் சண்டைக்கு வந்துவிட்டார்.

மாத முடிவில் கரண்ட் பில் வந்தது. மக்பூல் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு வேறு யாருடைய வீட்டுப் பில்லோ என்று பெயரைப் பார்த்தார். அவருடைய பெயர்தான். அர்கமைக் கூப்பிட்டார். அவன் வந்து, சரி நானா, அதற்கும் வழி இருக்கிறது என்றான். ஆட்கள் பார்க்காத கலியாணங்களை எல்லாம் சில டிஸ்குகளில் ஒதுக்கி, அந்த டிஸ்குகளைத் தூங்கவைத்துவிடலாம். தூங்குகிற டிஸ்க் சுற்றாது, குடிக்காது, சுடாது. பார்க்கிறவர்களுடையதை மட்டும் சுற்றவிட்டால் போதும். எது யார் பார்க்கிறது என்று நானாதான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் மக்பூல் யோசித்தார். பெட்டி வந்த நாளிலிருந்து யாரும் எதையும் கேட்டு வரவில்லை. கேட்க வெட்கப்படுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவரே ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டு, உங்கள் கலியாணம் என்னிடம் சுற்றிக்கொண்டிருக்கிறது, தொடர்ந்து சுற்றட்டுமா என்று கேட்கத் தொடங்கினார்.

முதலில் எடுத்தவர் இது ஏதோ மோசடிக்காரரின் ஃபோன் என்று வைத்துவிட்டார். இன்னொருவர், எந்தக் கலியாணம், முதலாவதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பாலாவியில் ஒரு வியாபாரி, அந்த வீடியோவில் தான் மூன்று கிண்ணம் வட்டிலப்பம் சாப்பிடுகிற இடத்தை மனைவி சீனி வருத்தம் வந்ததற்குச் சாட்சியாகக் காட்டுகிறாள், அதைத் தயவுசெய்து சுற்றவிடாதீர்கள் என்றார். ஒரு பெண், மாமியார் நிற்கிற பக்கங்களை எடுத்துவிட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். அவற்றை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது என்று அஸ்ரியா முன்பே சொல்லியிருக்கிறாள். பெரும்பாலானவர்கள் இன்னுமா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நன்றி இருந்ததாக மக்பூலால் எவ்வளவு முயன்றும் நினைக்க முடியவில்லை.

அவர் கூப்பிட்டவர்களில் ஷிம்லாவும் ஒருத்தி. கனமூலையைச் சேர்ந்தவள், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். ஃபோனை எடுத்து முழுவதையும் கேட்டுவிட்டு, நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். மக்பூலுக்கு மகிழ்ச்சி. ஒருத்தியாவது பார்க்க வருகிறாளே என்று மேலே போய் அறையைக் கூட்டிவைத்தார்.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவள் வந்தாள். கூடவே அஸ்ரியாவும் வந்தாள். மக்பூல் எழுந்து நின்று, மனைவியைப் பார்ப்பதா வாடிக்கையாளரைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டு கதிரைகளையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டார். அஸ்ரியா உட்காரவில்லை.

ஷிம்லாவின் கலியாணம் முறிந்துவிட்டதென்பதை மக்பூல் அறிந்திருக்கவில்லை. அதை அவள் தானே சொன்னாள். கதையை நீட்டவில்லை. அந்த மனிதரைப் பற்றிக் குறையும் சொல்லவில்லை. இப்போது வேறு இடம் பேசி நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது, பழையதெல்லாம் போய்விட்டதென்று நினைத்திருந்தேன், உங்கள் ஃபோன் வந்த பிறகுதான் அது இன்னும் இருக்கிறதென்று தெரிந்தது, அழித்துவிடுங்கள் என்றாள்.

மக்பூல் பலகையில் எழுதியிருப்பதைச் சொன்னார். அழிக்கிற வழக்கம் இல்லை என்றார். வேண்டுமானால் தூங்கவைக்கலாம், தூங்குகிற டிஸ்க் சுற்றாது, யாரும் பார்க்கவும் மாட்டார்கள் என்று அர்கம் சொன்னதை அப்படியே ஒப்புவித்தார்.

ஷிம்லா முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"எண்ட கலியாணமே ஆறு மாசம்தான் ஓடிச்சி நானா. அது நிண்ட பிறகும் நீங்க ஏன் ஓட்டிக்கொண்டு ஈக்கிறீங்க?"

மக்பூல் வாயைத் திறந்தார். ஒன்றை அழித்தால் பிறகு பலகை பொய்யாகிவிடும் என்று சொல்ல நினைத்தார். தன் மனைவியை இருபது டிஸ்க்கில் ஒரு பங்காக்கிய வாயால் அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

"பொம்புளப் பக்கம் நான் எடுத்தது," என்றாள் அஸ்ரியா. "எண்ட பாதிய நான் அழிக்கிறன். உங்கட பாதிய வேணுமெண்டா வச்சிக்கொள்ளுங்க. அதில மாப்பிள்ளைட சப்பாத்து ஈக்கும்."

மூவரும் மேலே போனார்கள். பெண்கள் பக்கத்து வீடியோவை மக்பூல் பார்க்கக் கூடாது, அது அவர்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. அவர் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றார். ஏ.சி. உள்ளே ஊதியது. வெளியே படிக்கட்டில் அஸ்பெஸ்டஸ் கூரையின் அனல் தலையில் இறங்கியது. இவ்வளவு நாளும் அந்தச் சூட்டில் அவர் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை, ஓடி ஏறி உள்ளே போய்விடுவார். இப்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

இரைச்சலுக்கு ஊடாக உள்ளே ஒரு பெண்ணின் சிரிப்புக் கேட்டது. வீடியோவிலிருந்து வந்த சிரிப்பு. தலையில் முக்காட்டைக் குத்தும்போது ஊசி பட்டுச் சிரிக்கிற இடமாக இருக்கலாம், எல்லாக் கலியாணங்களிலும் அது வரும் என்று அஸ்ரியா சொல்லியிருக்கிறாள். சிரிப்பு நின்றது. திரும்பவும் அதே இடத்தை ஓடவிட்டார்கள்போல, திரும்பவும் கேட்டது.

"பாவம், இவளுக்கு ஒண்டும் தெரியாது," என்று ஷிம்லாவின் குரல் சொன்னது.

அஸ்ரியா, "அழிக்கட்டா?" என்று கேட்டாள்.

"ஓம் ராத்தா."

மக்பூல் ஏதாவது நடக்குமென்று எதிர்பார்த்துக் காதைக் கொடுத்தார். ஒரு விளக்கு அணையும், ஒரு டிஸ்க் முனகும், குறைந்தது ஒரு டிகிரியாவது இறங்கும். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி முன்போலவே இரைந்தது. ஒரு முழுக் கலியாணம் போனதை அது கவனிக்கவே இல்லை.

ஷிம்லா இறங்கி வரும்போது கண்கள் சிவந்திருந்தன, ஆனால் நடை இலேசாக இருந்தது. மக்பூல் தன் பாதியையும் அன்றைக்கே அழித்துவிட்டு, அதை ஷிம்லாவிடம் சொல்லும்படி அஸ்ரியாவிடம் பிறகு சொன்னார். அதை நேரே சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

அன்று அஸ்ரியா கனமூலைக்குத் திரும்பவில்லை. அதே நேரம், இருந்துவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. படுக்கிற அறைக்குள் போய், ஏ.சி. இருந்த சுவரில் நாலு துளைகளைப் பார்த்தபடி நின்றாள். மக்பூல் பின்னாலேயே போய் நின்றார்.

"நான் கணக்கு சொன்னது பிழை," என்றார்.

"கணக்கு சரிதான்," என்றாள் அவள். "சாப்பாட்டு நேரத்தில சொன்னதுதான் பிழை."

மாலையே ஏ.சி. பூட்டுகிறவர் வந்து அதை இறக்கிப் பழைய துளைகளிலேயே பூட்டினார், மறுநாள் றிப்தியும் கனமூலையிலிருந்து வந்துவிட்டாள். ஏ.சி. இல்லாமல் பெட்டியை ஓடவிட முடியாது. பெட்டியை நிறுத்தினால் திரும்ப எழும்பும் என்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று அர்கம் ஃபோனில் சொன்னான். அஸ்ரியா அந்த ஃபோனை வாங்கி, எழும்பத் தேவையில்லை என்றாள். அவளே வாடிக்கையாளர்களின் வீட்டுப் பெண்களுக்கு ஃபோன் எடுத்தாள். மக்பூல் கேட்டதுபோல் சுற்றட்டுமா என்று கேட்கவில்லை. வேண்டுமென்றால் ஒரு டிஸ்கோடு வந்து எடுத்துப் போங்கள், வேண்டாமென்றால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறோம் என்றாள். பிறகு இரண்டு வாரங்கள் காலை நேரத்தில் மட்டும், வெயில் ஏறுமுன், பெட்டியைச் சுற்றவைத்து, வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். வராதவர்களே அதிகம். அழிக்கச் சொன்னவர்களும் பலர். மக்பூல் முதலில் ஒவ்வொன்றையும் அழிக்கும்போது அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னார். பத்தாவதில் மறந்துவிட்டார்.

கேட்டு ஓடிவந்தவர் ஒருவர்தான். அன்ஸார் என்பவர், தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தின்போது மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து தில்லையடியில் குடியேறியவர்களில் ஒருவர், மீன் வியாபாரி. மகளின் கலியாணத்தில்தான் மன்னாரிலும் கொழும்பிலும் இங்கேயுமாகச் சிதறிப்போன குடும்பம் முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்தது, அதற்குப் பிறகு உட்காரவில்லை, அதில் ஐந்தாறு பேர் இப்போது இல்லை என்றார். மக்பூல் அதை இரண்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த ஒரு வீடியோவுக்காக வேண்டுமானால் பெட்டியை இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாமே என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அன்ஸார் அதைக் கடதாசியில் சுற்றிச் சைக்கிள் பையில் வைத்தார். அங்கே அது கரண்டே கேட்கவில்லை.

காலியான பெட்டியை அர்கம் திரும்ப எடுத்துக்கொண்டான். வருத்தப்படவில்லை. அவனுக்கு வாடிக்கையாளர் தயாராக இருந்தார். ஊரில் ஓர் அரசியல் பிரமுகர், தான் பேசிய பேச்சுகள், திறந்துவைத்த குழாய்கள், மரணவீடுகளுக்குப் போய் நின்ற காட்சிகள் எல்லாவற்றையும் வருங்காலத்துக்குப் பாதுகாக்க விரும்பினார். அர்கம் அவருக்குச் சின்ன பல்ப் கதையைச் சொல்லியிருந்தான். சூட்டைப் பற்றி அடுத்த முறை சொன்னபோது, பிரமுகர் ஒரு ஏ.சி.யோடு நிற்காமல் அலுவலகம் முழுவதற்கும் மூன்று ஏ.சி. போட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு, கடை வாசலில் கழிவுநீர்க் கானுக்கு மூடி போடுவது சம்பந்தமாக மக்பூல் பிரமுகரின் அலுவலகத்துக்குப் போனார். ஆவணி வெயில். உள்ளே கால்வைத்ததும் மேலெல்லாம் சிலிர்த்தது. காத்திருக்கிற இடத்தில் கதிரைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. கைக்குழந்தைக்காரிகள், வலை காயப்போட்டுவிட்டு வந்த மீனவர்கள், இரண்டு ஓய்வுபெற்ற மாஸ்டர்மார். ஒருவர் கையிலும் மனுவோ கடிதமோ இல்லை. பாதிப் பேர் தூங்கினார்கள். சுவருக்கு அப்பால் பேச்சுகள் சுற்றுகிற இரைச்சல் மெதுவாகக் கேட்டது.

பிரமுகர் தன் அறைக் கதவைத் திறந்து அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். முகம் மலர்ந்தது. மக்பூலின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போய், முன்பெல்லாம் இப்படி இல்லை, இந்த வருஷம்தான் சனம் எங்களை விளங்கிக்கொண்டது, காலையிலிருந்து மாலை வரை எழும்பிப் போகிறார்கள் இல்லை என்றார். மக்பூலுக்கு மீதிப் பாதி தெரியும். ஆனால் அவர் வந்தது கானுக்கு மூடி கேட்டு. அல்லாஹ்வின் கிருபை என்று சொல்லி, மூடிக்கு வாக்குறுதியையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளிக்கதவின் கண்ணாடிக்கு அப்பால் ரோடு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஏ.சி.க்கு நேர் கீழே ஒரு கதிரை அப்போதுதான் காலியானது. மக்பூல் அதில் உட்கார்ந்தார். ஃபோன் அடித்தது. அஸ்ரியா, அவரை உள்ளே கூப்பிட்டார்களா என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்றார் மக்பூல், காலை நீட்டிக்கொண்டே. "கொஞ்ச நேரம் சுணங்கும்."